அம்மாவின் கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள், சி.டி. போதாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. இரண்டு மாதமாக இடுப்பில் தொடங்கும் வலி, வலது காலில் பாதம் வரை இறங்குகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு "வயதுக்குரிய தேய்மானம்தான்" என்றார்கள். போன வாரம் வேறொரு எலும்பு மருத்துவர், கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். வலது பக்கம் பலம் குறைந்திருக்கிறது என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார். சி.டி. ஸ்கேன் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமாமே, அது போதாதா? எம்.ஆர்.ஐ.யில்தான் கதிர்வீச்சு அதிகம் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். அம்மாவுக்கு லிஃப்டில் ஏறவே பயம். இடது முழங்காலில் செயற்கை மூட்டு வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: ஒரு ரேடியாலஜிஸ்ட்டாக உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கட்டைவிரல்தான். கால் கட்டைவிரலை மேலே தூக்கும் தசைக்குப் போவது முக்கியமாக எல்5 என்கிற நரம்பு. இடுப்பின் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த நரம்புதான். ஆக, ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவர் எங்கே கோளாறு இருக்கக்கூடும் என்று ஓரளவு கணித்துவிட்டார். அது சரிதானா, நரம்பை அழுத்துவது எது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன் கேட்கிறார். இப்படிக் கேட்கும் மருத்துவர் கிடைத்திருப்பது நல்லது.

எங்களிடம் வருகிற சீட்டுகளில் பலவற்றில் "இடுப்பு வலி" என்ற இரண்டு வார்த்தைதான் இருக்கும். "வலது கட்டைவிரலில் பலவீனம், இரண்டு மாதம்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு நரம்பை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்போம். அம்மாவின் சீட்டில் அது இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எக்ஸ்ரே ஏன் போதவில்லை? எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரோன்ட்ஜன் 1895-ல் எடுத்த முதல் படங்களில் ஒன்று, அவர் மனைவியின் கை. விரல் எலும்புகளும் மோதிரமும் பளிச்சென்று தெரியும், சதை வெறும் நிழலாக நிற்கும். இன்றைய கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டாலும் எக்ஸ்ரேயின் அந்த இயல்பு மாறவில்லை. சுண்ணாம்புச் சத்து இருக்கும் எலும்பை அது நன்றாகக் காட்டும். டிஸ்க், நரம்பு, தசை மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். இடுப்பு எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரிவதே இல்லை. இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்திருப்பதை வைத்து "தேய்ந்திருக்கும்" என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

சி.டி.யும் எக்ஸ்ரேதான். கதிர்க் குழாய் உடம்பைச் சுற்றி வர, கணினி அதைக் குறுக்குவெட்டுப் படங்களாகக் கட்டுகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் 1971-ல் முதல் நோயாளிக்கு மூளைப் படம் எடுத்தார்கள். பெரிதாகப் பிதுங்கிய டிஸ்க் என்றால் சி.டி.யிலும் தெரியும். ஆனால் நரம்பு வேரையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாதவர்களுக்குத் தண்டுவட நீரில் மருந்து செலுத்தி சி.டி. எடுப்பதுண்டு. அது ஊசி போடும் வேலை, அம்மாவுக்கு அந்த அவசியம் இப்போது இல்லை.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரேக்கு மேலே சி.டி., அதற்கும் மேலே எம்.ஆர்.ஐ. என்று படிக்கட்டு போல எண்ணிக்கொண்டு, "பெரிய ஸ்கேனே எடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது. தலையில் அடிபட்டு வருகிறவரை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினால் நானே திருப்பி சி.டி.க்கு அனுப்புவேன். மூளைக்குள் புதிதாகக் கசிந்த ரத்தம் சி.டி.யில் சில நொடிகளில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். மயங்கிக் கிடப்பவரை அரைமணி நேரம் குழாய்க்குள் வைத்திருப்பது ஆபத்து, அவர் உடம்பில் என்ன உலோகம் இருக்கிறது என்பதும் தெரியாது. நுரையீரல், சிறுநீர்க் குழாயில் கல், நுணுக்கமான எலும்பு முறிவு, இவற்றிலும் சி.டி. கைதான் ஓங்கும். பித்தப்பைக் கல்லையும் வயிற்றில் வளரும் குழந்தையையும் காலின் ரத்தக் குழாயில் உறைந்த கட்டியையும் பார்க்க அல்ட்ராசவுண்டே முதலில் போதும். எலும்பையும் காற்றையும் ஒலி அலைகள் நன்றாகத் தாண்டாது என்பதால் தண்டுவடத்தில் அது உங்களுக்கு உதவாது.

சரி, எம்.ஆர்.ஐ. அப்படி என்ன செய்கிறது? நம் உடம்பில் பெரும்பங்கு நீர். நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் கருக்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். சாதாரணமாகக் கண்டபடி திரும்பியிருக்கும் அவை, பெரிய காந்தத்துக்குள் போனதும் அதன் திசையை ஒட்டி ஒழுங்குக்கு வரும். பரவலாகப் புழங்கும் எந்திரத்தின் காந்தப் புலம் 1.5 டெஸ்லா, அதாவது பூமியின் காந்தப் புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. அந்த நிலையில் எஃப்.எம். வானொலி அலைக்குப் பக்கத்தில் வரும் ஓர் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்புகிறார்கள். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தானே உயரும்? அதுபோல இந்தக் கருக்களுக்கும் ஒரு தாளம் உண்டு, அதோடு பொருந்தும் அலையை மட்டுமே வாங்கிக்கொள்ளும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும் வழியில் வலுவற்ற ஒரு சைகையைத் திருப்பி அனுப்பும். நீரில் இருக்கும் ஹைட்ரஜன் திரும்பும் வேகம் வேறு, கொழுப்பில் இருப்பது வேறு, வீங்கிய திசுவில் இருப்பது வேறு. அந்த வேக வித்தியாசம்தான் படமாகிறது.

இடுப்பில் இதன் அருமையை டி2 என்ற படத்தில் பார்க்கலாம். அதில் நீர் வெள்ளையாகத் தெரியும். தண்டுவட நீர் வெள்ளைத் தூணாக நிற்க, அதற்குள் நரம்பு வேர்கள் கறுப்பு நூல்களாக இறங்கும். டிஸ்க் பின்பக்கமாகத் தள்ளும் இடத்தில் அந்த வெள்ளைத் தூண் நசுங்கியிருப்பது, மருத்துவம் படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும். இளம் வயதில் நீர்ச்சத்துள்ள டிஸ்க் வெளுப்பாக இருக்கும், வயதாக ஆகக் காய்ந்து கறுத்துவிடும்.

கதிர்வீச்சு விஷயத்தில் உங்கள் உறவினர் தலைகீழாகச் சொல்கிறார். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே வகைக் கதிர்வீச்சு துளியும் இல்லை, அல்ட்ராசவுண்டிலும் இல்லை. இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்பத்தில் இதன் பெயரிலேயே 'நியூக்ளியர்' என்ற சொல் இருந்தது. அணுக்கரு என்ற பொருளில் வைத்த பெயர் அது. மக்கள் அணுகுண்டை நினைத்து மிரண்டதால் மருத்துவத்தில் அந்தச் சொல்லைக் கைவிட்டார்கள். கதிர்வீச்சு உள்ளவை எக்ஸ்ரேயும் சி.டி.யும். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்போம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் சுமார் 0.1 மில்லிசீவர்ட், வயிற்று சி.டி.யில் சுமார் 8. எந்த ஸ்கேனும் எடுக்காதவருக்கே மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துசேர்கிறது. தேவைப்பட்டு எடுக்கும் சி.டி.க்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம், தேவையில்லாமல் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில் நாம் பயப்பட வேண்டியது காந்தத்துக்குத்தான். எந்திரத்தில் படம் எடுக்காத நேரத்திலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி குளிரில் வைத்திருக்கும் மின்காந்தம் அது, ஸ்விட்சைத் தட்டி நிறுத்துகிற பொருள் இல்லை. ஆக்சிஜன் சிலிண்டரை அறைக்குள் கொண்டுபோய், அது பறந்துவந்து தாக்கி உயிரே போயிருக்கிறது. அதனால் வாசலில் கேட்கும் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், கண்ணில் எப்போதோ பட்ட இரும்புத் துகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். இப்போதைய பேஸ்மேக்கர்கள் பலவற்றோடு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் அதை முடிவு செய்ய எந்த மாடல் என்பது தெரிய வேண்டும். உடம்பில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றில் மெல்லிய உலோகத் தகடு இருக்கும், அது சூடாகித் தோலைச் சுட்டுவிடும். சர்க்கரை அளக்கக் கையில் ஒட்டியிருக்கும் கருவி பற்றியும் சொல்லுங்கள்.

அம்மாவின் செயற்கை முழங்கால் மூட்டு பொதுவாகப் பிரச்சினை தராது. எலும்போடு இறுகப் பொருத்திய உலோகம், அசைந்து வராது. அதைச் சுற்றிக் கொஞ்ச தூரம் படம் குழம்பும், இடுப்பு அந்த எல்லைக்கு வெளியே. அறுவை சிகிச்சையின்போது கொடுத்த அட்டையை எடுத்துப் போனால் டெக்னீஷியனுக்குச் சரிபார்க்க எளிது.

அப்புறம் அந்தப் பயம். அதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது. குழாயின் அகலம் 60 சென்டிமீட்டர், புதிய எந்திரங்களில் 70. நேரம் குறித்து வாங்கும்போதே "மூடிய இடம் என்றால் பயம்" என்று சொல்லிவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: 70 சென்டிமீட்டர் எந்திரம் உண்டா, கால் முதலில் உள்ளே போகும்படி படுக்கவைக்க முடியுமா, நீங்கள் கூடவே இருக்க விடுவார்களா. இடுப்புக்கு எடுக்கும்போது கால் முதலில் போனால் தலை குழாயின் வாய்ப்பக்கம் வரும், நிறையப் பேருக்கு அதுவே போதும். கையில் ஓர் அழைப்புப் பந்து கொடுப்பார்கள். அழுத்தினால் நிறுத்தி வெளியே எடுத்துவிடுவார்கள் என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளட்டும், கண்மேல் ஒரு துணி போடச் சொல்லலாம். டக் டக்கென்று இடிக்கும் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காந்தப் புலத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வருவது அது, எதுவும் உடைந்துபோவதாக நினைக்க வேண்டாம். காதடைப்பான் தருவார்கள். இவ்வளவுக்கும் முடியாது என்றால் லேசான அமைதி மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். முழுதாக இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். வலி அதற்கு விடாது என்றால் முன்னதாக வலி மாத்திரை எப்போது போடலாம் என்றும் கேட்டு வையுங்கள்.

இதுபோன்ற டிஸ்க் கோளாறுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது படத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றும் மருந்து, சாதாரணமாகத் தேவைப்படாது. ஏற்கெனவே இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, கிருமித் தொற்று, கட்டி என்று சந்தேகம் இருந்தாலோ போடுவார்கள். போடுவதாகச் சொன்னால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் அதைப் படித்துக் கலங்கிவிடாதீர்கள். "டிஸ்க் பல்ஜ்" (டிஸ்க் பிதுக்கம்), "டிஜெனரேடிவ் சேஞ்சஸ்" (தேய்மானம்) என்று மூன்று நான்கு இடத்தில் இருக்கும், 62 வயதில் இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். முதுகு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. எங்கள் படத்தில் வலி தெரியாது, வடிவம்தான் தெரியும். நாங்கள் கண்டதையெல்லாம் எழுதுகிறோம், அதில் எது அம்மாவின் காலைப் படுத்துகிறது என்பதை நோயாளியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "வலது கட்டைவிரல் பலவீனத்துக்குப் பொருந்துகிற மாதிரி, வலது எல்5 நரம்பில் அழுத்தம் தெரிகிறதா?" பொருந்தினால் அடுத்த சிகிச்சையைப் பேசலாம். பொருந்தவில்லை என்றால், ரிப்போர்ட்டில் எத்தனை டிஸ்க் பிதுங்கியிருந்தாலும் ஆபரேஷன் பேச்சுக்கு அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அம்மாவுக்குச் சிறுநீர் திடீரென்று போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ, தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதாக இருக்கலாம். அப்போது குறித்துக் கொடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.