இரு சர்வர்கள், ஒரே வட்டு

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் சர்வர்களுக்கு ஐஸ்கசி (நெட்வொர்க் மூலம் வட்டைப் பயன்படுத்தும் முறை) வழியாக ஒரே சேமிப்புத் தொகுதியைக் கொடுத்து, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்து, இரண்டிலும் மவுண்ட் செய்தோம் (பயன்பாட்டுக்கு இணைத்தோம்). ஒன்றில் எழுதிய கோப்பு மற்றொன்றில் தெரியவில்லை. பின்னர் கோப்புகளே சிதைந்துவிட்டன. வட்டு பழுதாகியிருக்குமா?

பதில்: வட்டைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் இரண்டு சர்வர்களிலும் தொகுதியை அன்மவுண்ட் செய்து, முழுத் தொகுதிக்கும் ஒரு நகல் எடுத்த பிறகே பழுதுநீக்கத்தைத் தொடங்குங்கள்.

எக்ஸ்ட்4, ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டுமே தன்னைக் கையாளும் என்ற நம்பிக்கையில் உருவாக்கப்பட்டது. எந்த பிளாக் (வட்டின் சிறு பகுதி) காலியாக உள்ளது என்ற பட்டியலை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. முதல் சர்வர் ஒரு காலி பிளாக்கில் எழுதிய செய்தி இரண்டாவதற்குப் போய்ச் சேராததால், அதுவும் அதே பிளாக்கைக் காலி என்று கருதி, மேலேயே எழுதிவிடுகிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் எழுதியே ஆக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து. கோப்புகளைப் பகிர்ந்தால் போதுமென்றால், ஒரு சர்வரின் கோப்புகளை நெட்வொர்க் வழியாக மற்றவற்றுக்குத் தரும் என்எஃப்எஸ் போதும். ஒன்று செயலிழந்தால் மற்றொன்று பொறுப்பேற்க வேண்டுமென்றால், சர்வர் குழுவை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர் என்ற மென்பொருள் மூலம் ஒரு சர்வரில் மட்டும் மவுண்ட் ஆகுமாறு அமைத்து, எக்ஸ்ட்4-இல் உள்ள பல்மவுண்ட் தடுப்பு வசதியையும் இயக்கிவையுங்கள்.

இரண்டும் எழுதியே தீர வேண்டுமென்றால் பல சர்வர்கள் ஒரே வட்டில் எழுதுவதற்கென்றே உருவான ஜிஎஃப்எஸ்2 அல்லது ஓசிஎஃப்எஸ்2 கோப்பு முறைமை வேண்டும். இவற்றில் ஒவ்வொரு சர்வரும் பூட்டு மேலாளரிடம் (யார் எப்போது எழுதலாம் என்று ஒழுங்குபடுத்தும் மென்பொருள்) அனுமதி பெற்ற பின்னரே எழுதும். ஜிஎஃப்எஸ்2-இல் மவுண்ட் செய்யும் ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) தேவை. தொகுதியைப் பின்னர் பெரிதாக்கலாம், சுருக்க இயலாது.

இங்கு ஃபென்சிங்கை (பதிலளிக்காத சர்வரை வலுக்கட்டாயமாகத் துண்டிப்பதை) தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒரு சர்வரிடமிருந்து பதில் வராதபோது, அது நின்றுவிட்டதா, நெட்வொர்க் மட்டும் அறுந்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று மற்றொன்றால் அறிய முடியாது. ஆகவே அதன் மின்சாரத்தையோ வட்டுக்கான அனுமதியையோ துண்டித்த பின்னரே அதன் ஜர்னலைக் கையிலெடுப்பது பாதுகாப்பானது. சோதனைக் காலத்தில் தொந்தரவாக இருக்கிறதென்று ஃபென்சிங்கை அணைத்து, அப்படியே பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. தொடர்பு அறுந்தால் எந்தப் பக்கம் பணியைத் தொடர்வது என்பதைச் சர்வர்களின் பெரும்பான்மை வாக்கே தீர்மானிக்கிறது; இரண்டே சர்வர்கள் இருக்கையில் அது கிடைக்காது என்பதால், மூன்றாவது வாக்குக்குத் தனியாக ஒரு சிறு இயந்திரத்தை ஒதுக்குங்கள். உண்மையான தரவை ஏற்றுமுன் ஒரு சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, மற்றது அதைத் துண்டித்துவிட்டுப் பணியைத் தொடர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.