ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் கை கைப்பேசியைத் தேடுகிறது. இது பாவமா? அதைச் சத்தமின்றி வைத்துவிட்டால் போதுமா?

கை தேடிப் போவது பாவம் அல்ல என்பதே என் பதில். ஆனால் கைப்பேசிதான் இதற்குக் காரணம் என்று நீங்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது. நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில், கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஜெபிப்பது என்று தீர்மானித்தேன். முதல் வாரத்திலேயே என் குட்டு எனக்கே வெளிப்பட்டுவிட்டது. வாசிக்க வேண்டிய அதிகாரத்தை விட்டுவிட்டு, வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பவுலின் பயண வரைபடத்தையும் எடை, அளவை அட்டவணையையும் அதுவரை இல்லாத ஊக்கத்தோடு படித்துக்கொண்டிருந்தேன். லீஸ்திராவிலிருந்து தெர்பைக்கு எவ்வளவு தூரம் இருக்கும் என்று ஒரு நாள் விரலால் அளந்துகொண்டிருந்தபோதுதான், பூட்டி வைக்க வேண்டியது கைப்பேசியை மட்டும் அல்ல என்பது உறைத்தது.

இந்த நிலையை எனக்குத் தெரிந்து மிகத் துல்லியமாக எழுதி வைத்திருப்பவர், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாகிரியுஸ் என்னும் துறவி. மனிதரை அலைக்கழிக்கும் எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார். அவற்றுள் 'அகேதியா' என்பதே மிகக் கடுமையானது என்றார். அக்கறையற்றுப் போதல் என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஏறக்குறையப் பொருள் சொல்லலாம். 91-ஆம் சங்கீதத்தில் 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' என்று நாம் வாசிக்கும் இடம் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 'நண்பகல் பிசாசு' என்று வருகிறது. அந்தப் பெயரைத்தான் அவர் அகேதியாவுக்குச் சூட்டினார். காலை பத்து மணியளவில் அது துறவியின் அறைக்குள் நுழைகிறது. சூரியன் நகராமல் நிற்பதைப் போலவும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதைப் போலவும் தோன்றச் செய்கிறது. துறவி சன்னலை எட்டிப் பார்க்கிறார், வெளியே வருகிறார், சாப்பாட்டு வேளையான ஒன்பதாம் மணிக்கு, அதாவது பிற்பகல் மூன்று மணிக்கு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சூரியனை அண்ணாந்து பார்க்கிறார், சகோதரர் யாராவது வருகிறாரா என்று அங்கும் இங்கும் நோக்குகிறார். பின்பு அந்த இடத்தின்மேல் வெறுப்பு, செய்யும் கைவேலையின்மேல் வெறுப்பு, தம்மை நினைக்க ஒருவரும் இல்லை என்ற மனக்குறை. இதை முதன்முறை வாசித்தபோது, ஏதோ ஒரு மூலையில் நின்று அவர் என்னைப் பார்த்து எழுதியதாகவே எண்ணினேன்.

பிற்காலத்தில் இந்தச் சொல் 'சோம்பல்' என்று சுருங்கி, ஏழு பெரும் பாவங்களில் ஒன்றாகப் பட்டியலில் ஒதுங்கிவிட்டது பெரிய நஷ்டம் என்பேன். இதில் அகப்பட்டவர் சும்மா இருப்பதில்லை. செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் போதனையை மேற்கு நாட்டுத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்த கசியான், நோயாளிகளைப் போய்ப் பார், ஆதரவற்றவர்களுக்கு உதவு என்றுகூட அகேதியா தூண்டும் என்று எச்சரிக்கிறார். என் அனுபவமும் அதுவே. ஜெபத்தின் நடுவே கையைக் கைப்பேசிக்குக் கொண்டு போவது பெரும்பாலும் கெட்ட எண்ணம் அல்ல. துக்க வீட்டாருக்கு இன்னும் ஆறுதல் செய்தி அனுப்பவில்லையே, இந்த வசனத்தைக் குடும்பக் குழுவில் பகிரலாமே என்கிற மிகவும் பக்தியான எண்ணம்தான். அதைத் திறந்த பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும்.

அதற்காகக் கைப்பேசியைக் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. பக்கத்துக்கு முடிவே இல்லாமல் கீழே உருண்டுகொண்டே போகும் அமைப்பை 2006-இல் உருவாக்கிய அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். துறவியின் சன்னலில் தெரிந்த சூரியன், எவ்வளவு மெதுவாகத் தோன்றினாலும், கடைசியில் ஒன்பதாம் மணிக்கு வந்து சேர்ந்தது. சலிப்பும் அத்துடன் ஓய்ந்தது. நம் கையில் இருக்கும் சன்னலில் அந்த ஒன்பதாம் மணி வருவதே இல்லை.

பாவமா என்ற கேள்விக்கும் எவாகிரியுஸிடம் விடை இருக்கிறது. இத்தகைய எண்ணங்கள் வந்து தொந்தரவு செய்வதும் செய்யாதிருப்பதும் நம் கையில் இல்லை. அவை தங்குவதும் தங்காதிருப்பதும் நம் கையில் இருக்கிறது என்கிறார். ஆகவே ஐந்தாம் நிமிடத்தில் கை நீண்டதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். அந்தக் கடிந்துகொள்ளுதலும் ஜெபத்தை விட்டு எழுந்து போக ஒரு சாக்காகிவிடும். நானே அப்படிப் பல நாள் எழுந்து போயிருக்கிறேன்.

அவர் சொல்லும் மருந்து, கண்ணீரோடு ஆத்துமாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி மறு பாதியைத் தேற்றுவது. அதற்கு அவர் எடுத்துத் தரும் வசனம் 42-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது: 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?' இதை மனதுக்குள் சொல்வதைவிட வாய்விட்டுச் சொல்வதே எனக்குப் பயன்படுகிறது. பாலைவனத் துறவிகளின் பொன்மொழிகளைத் தொகுத்த நூலில், எகிப்தியத் துறவியான அந்தோணியாரைப் பற்றி வரும் முதல் கதையும் இதையொட்டியதே. அகேதியாவால் வாடி அவர் வெளியே வந்தபோது, தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடியும் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், மறுபடியும் எழுந்து ஜெபிப்பதையும் கண்டார், அது தேவதூதன். இதைப் படித்த பிறகு, அரைமணி நேரம் அசையாமல் உட்காரும் என் வீம்பை விட்டுவிட்டேன். ஒரு சங்கீதம், பின்பு துணி மடிக்கும் வேலை, பின்பு இன்னொரு சங்கீதம் என்று போகிறது.

சத்தமின்றி வைப்பது எனக்குப் போதவில்லை. ஒலிக்காத கைப்பேசியை, ஏதாவது வந்திருக்குமோ என்று இன்னும் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். வேறு அறையில் வைத்துவிடுங்கள். எழுந்து நடந்து போய்த்தான் எடுக்க வேண்டும் என்றால், நான் எங்கே போகிறேன் என்று கேட்டுக்கொள்ள அந்த நாலைந்து அடி இடைவெளி கிடைக்கிறது. காலையில் எழுப்புவதற்காகத்தான் அதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன் என்பீர்களானால், தனியாக ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் செய்தேன்.