எல்ல மலையிடுக்கில் ஏறுங்கள், இறங்காதீர்கள்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். எங்களிடம் இருப்பது இரண்டு 150 சீசீ பைக்கும் ஒரு ஸ்கூட்டியும். நீண்ட வார இறுதி ஒன்றில் எல்ல வரை போய், மலையிடுக்கு வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, கொஸ்லந்தை, பெரகலை வழியாகத் திரும்ப யோசித்திருக்கிறோம். யாரும் மலைப்பாதையில் ஓடியதில்லை. இந்த வண்டிகள் ஏறுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஏறும். ஸ்கூட்டிகூட ஏறும். 1,000 மீற்றர் உயரத்தில் எஞ்சினின் இழுவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். ஒரு கியர் குறைத்துப் போனால் சரி. மலைக்குக் கிளம்பும் கொழும்புப் பொடியன்கள் எல்லாரும் வண்டி ஏறுமா என்றுதான் கேட்கிறார்கள், ஒழுங்காக இறங்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. இளவயதில் நானும் கேட்கவில்லை. றம்பொடைப் பக்கம் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் இறங்கியபோது, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் லீவர் ஹாண்டிலில் முட்டுமளவுக்கு வந்துவிட்டது, வண்டியோ நிற்கவில்லை. ஓரத்துக் கானுக்குள் விட்டுத்தான் நிறுத்தினேன். நண்பன் மீதித் தூரத்துக்கு பஸ் பிடித்தான்.

ஏன் அப்படி ஆனது என்பதை உங்கள் பாதையை வைத்தே சொல்கிறேன். எல்ல கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது, வெல்லவாய இருநூறை ஒட்டி. ஸ்கூட்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 800 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஆறேழு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை நீங்கள்தான் எங்காவது கரைக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டினால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். டிஸ்க் பிரேக்கிலும் எண்ணெய் பழசாகி ஈரத்தை உறிஞ்சியிருந்தால், உள்ளே கொதித்துக் குமிழி விடும், லீவர் பஞ்சாகிவிடும்.

கியர் பைக்கில் இதற்கு வழி இருக்கிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் சத்தம் போடும், போடட்டும், அதுதான் உங்கள் முதல் பிரேக். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுபவரைக் குழுவில் சேர்க்க வேண்டாம். ஸ்கூட்டியில் எஞ்சினின் பிடிப்பு குறைவு, வேகம் மிகவும் குறைந்தால் கிளச் விட்டுப்போய் அதுவும் இல்லாமல் போகும். எனவே ஸ்கூட்டியில் ஒருவர் மட்டும் போகட்டும், நான்காவது ஆள் 150இன் பின்னால் ஏறட்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடியுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இனிப் பாதை. உங்கள் திட்டத்தில் எல்லயிலிருந்து இறங்குவது மலை ஓட்டத்துக்கே புதிய கைகள். 2025 செப்டம்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்ததும் இதே எல்ல - வெல்லவாய வீதியில்தான். எனவே பயணத்தைத் திருப்பிப் போடச் சொல்வேன். முதல் நாள் இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிப் பக்கமாக உடவளவைக்குப் போய், தணமல்வில வழியாக வெல்லவாயவில் தங்குங்கள். தூரம் கொஞ்சம் கூட, ஆனால் பெரிய மலை இறக்கம் கிடையாது. அதிவேக வீதியில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால் விடியற்காலையிலேயே கொழும்பு நெரிசலைத் தாண்டிவிட வேண்டும். உடவளவை தேசிய பூங்காவின் வேலியோரம் யானைகள் நிற்கும். படம் எடுக்கவோ பழம் கொடுக்கவோ இறங்காதீர்கள், இருட்டிய பிறகு அந்தப் பக்கம் ஓடாதீர்கள்.

மறுநாள் காலை மலையிடுக்கில் ஏறுங்கள். நாம் இடப்பக்கம் ஓடுபவர்கள், ஆகவே ஏறும்போது பெரும்பாலும் மலைச்சுவர் உங்கள் பக்கம், பள்ளம் எதிர்ப்பக்கம். கிரிந்தி ஓயாவின் பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே போகும், இராவணா நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழும். அமெரிக்கச் செம்பாறைப் பள்ளத்தாக்குகளை வீடியோவில் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். இது பச்சை, ஈரம், மேகம். எனக்கு இதுதான் பிடிக்கும். தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் மனம் கேட்காது என்றால் வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் சிறிது தூரம் ஏறி, 220 மீற்றர் வீழ்ச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். இரண்டாம் இரவு பண்டாரவளை அல்லது அப்புத்தளை. மூன்றாம் நாள் பெரகலை, பெலிஹுல் ஓயா வழியாக வீடு. இந்த இறக்கத்தைத் தவிர்க்க முடியாது, ஆனால் அதற்குள் கை பழகியிருக்கும்.

நான்கு பேரில் ஒருவருக்காவது வேக ஆசை இருக்கும். அவரை முன்னால் விடாதீர்கள். முன்னால் நிதானமானவர், அடுத்து ஸ்கூட்டி, கடைசியில் அனுபவம் கூடியவர். வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராக, பக்கத்தில் பக்கத்தில் அல்ல. பின்னால் வருபவர் தெரியாவிட்டால் அடுத்த சந்தியில் காத்திருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். எதிரே பஸ் நடுக்கோட்டைத் தாண்டித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு இடப்பக்கம் ஒட்டி, ஹோன் அடித்துத் திரும்புங்கள்.

காலம்? பெப்ரவரி, மார்ச் நல்லது. ஜூலை, ஓகஸ்டில் எல்ல இருக்கும் ஊவாப் பக்கம் வெளித்திருக்கும், ஆனால் இரத்தினபுரி நனைக்கும். ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். பின்னேர இடிமழையும் மண்சரிவும் அந்த மாதங்களில்தான். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29, டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் இறுதி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கிளம்பும் அன்று காலையிலும் பாருங்கள், பாதை திறந்திருக்கிறதா என்று 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்கலாம். அம்புலன்சுக்கு 1990.

போவதற்கு ஒரு வாரம் முன்பே பிரேக் லைனிங், பாட், எண்ணெய், ரயர், செயின் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். முதல் நாள் இரவு மாற்றினால் புது லைனிங் மலையில்தான் பழகும், அது கூடாது. மாற்றியபின் ஒரு ஞாயிறு அவிசாவளை வரை போய் வாருங்கள். அந்த ஓட்டத்திலேயே யாரை முன்னால் விடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.