எட்டு கார்டு, பத்து எலிக்ஸர்: வாசகர் கேள்வி-பதில்

கிளாஷ் ராயல் (போன்ல இன்னொருத்தரோட மோதி, கார்டு இறக்கி அவர் டவரை இடிக்கற கேம்) ஆறு மாசமா ஆடறேன். முதல் நிமிஷம் செமயா அட்டாக் பண்றேன், ஆனா கடைசில என் டவர்தான் போகுது. எங்க தப்பு பண்றேன்?
- கரூர் வாசகர்

அந்த முதல் நிமிஷத்துலதான் தம்பி. எலிக்ஸர் (கார்டு இறக்க செலவாகற சக்தி, தானா ஊறும்) 10 நிறைஞ்சதும் கை அரிக்கும், எனக்கும்தான். ஜயண்ட் கார்டை (5 எலிக்ஸர்) நேரா எதிராளி பக்கம் போற பிரிட்ஜ்ல போட்டு, பின்னாடியே மஸ்கடியரையும் (4) விட்டா 9 காலி, மிச்சம் 1. எதிராளி அந்தப் பக்கம் திரும்பிகூட பார்க்காம அடுத்த பக்கம் உங்க டவரைக் குறி வச்சு ஹாக் ரைடரை ஓட விடுவான். அதைத் தடுக்க நீங்க கேனன் வைக்க 3 வேணும், ஒரு எலிக்ஸர் ஊற 2.8 செகண்ட், நீங்க ஸ்கிரீனை முறைச்சுக்கிட்டே இருக்கும்போது அவன் டவரை அடிக்க ஆரம்பிச்சிருப்பான்.

ஜயண்டை ராஜா டவருக்குப் பின்னாடி போட்டுப் பாருங்க. அவர் ஆடி அசைஞ்சு பிரிட்ஜுக்கு வர்றதுக்குள்ள செலவான 5 எலிக்ஸரும் திரும்ப ஊறிடும், அதுக்குள்ள எதிராளியும் பதறிப்போய் ரெண்டு கார்டைக் காட்டிடுவான்.

அவன் காட்டின கார்டை மறக்காம மனசுல வைங்க. டெக்ல 8 கார்டுதான், போட்ட கார்டு திரும்ப கைக்கு வரணும்னா இன்னும் 4 கார்டு போட்டாகணும். அவன்கிட்ட இருக்கற லாக் (வெறும் மரக்கட்டைதான், ஆனா கேம்லயே எனக்கு ரொம்பப் பயம் அதுகிட்டதான்) செலவாயிடுச்சா, உங்க ஸ்கெலிட்டன் ஆர்மியை (எலும்புக்கூட்டுப் படை) இறக்க அதுதான் நேரம். மாத்திப் போட்டீங்கன்னா உங்க 3 எலிக்ஸரை அவன் 2-லயே உருட்டித் தள்ளிடுவான். அப்படி ஒவ்வொரு எலிக்ஸரா நஷ்டமாகறதுதான் கடைசில டவரா போகுது. கடைசி நிமிஷம் எலிக்ஸர் டபுள் வேகத்துல ஊறும், பெரிய அட்டாக்கை அப்போ வச்சுக்கலாம்.

சாப்பிடக் கூப்பிட்டா பையன் "மூணு நிமிஷம்மா, பாஸ் பண்ண முடியாது"ங்கறான். நிஜமா, புருடாவா?
- மதுரை வாசகி

நிஜம்தாங்க. எதிர்ல ஆடறது இன்னொரு ஆள், நிறுத்தி வைக்க முடியாது. மேட்ச் 3 நிமிஷம், சமமா நின்னா எக்ஸ்ட்ரா டைம் கொஞ்சம். முடியட்டும், விடுங்க. ஆனா அடுத்த மேட்ச் பட்டனை அமுக்கறதுக்குள்ள பக்கத்துல போய் நின்னுடுங்க, "தோத்துட்டேன்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு"ம்பான் பாருங்க, புருடா அங்கதான் ஆரம்பிக்கும்.