டுபாய்க்குப் போகிறவருக்கு வி.பி.என். வாங்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனது கணவர் ஏ.சி. திருத்தும் வேலைக்கு அடுத்த மாதம் டுபாய் போகிறார். அங்கே வட்ஸ்அப்பில் பேச முடியாதாம், வி.பி.என். (தடுத்த சேவையையும் வேறொரு கம்பனியின் வழியாகச் சுற்றிப்போய் எடுக்கும் செயலி) போட்டால் பேசலாமாம். டவுனில் ஒரு போன் கடையில் ஒரு வருடத்துக்கு 2,500 ரூபா கேட்கிறார்கள். "எல்லாரும் பாவிக்கிறாங்க, ஒரு பிரச்சினையும் வராது" என்கிறார்கள். பிள்ளைகள் சின்னவர்கள், வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். வாங்கலாமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம் சகோதரி. வாங்க வேண்டாம். 2,500 ரூபா நட்டப்பட்டால் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். கணவரின் விசாவுக்கு ஏதாவது நடந்தால் அந்தக் கடைக்காரர் எதற்கும் பொறுப்பில்லை.

"எல்லாரும் பாவிக்கிறாங்க" என்ற பேச்சு நமக்கு எளிதில் நம்பும்படியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் போராட்டக் காலத்திலும் இங்கே சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வி.பி.என். இறக்கிப் பாவித்தது. அதற்காகப் பொலிஸ் வீடு தேடி வருமென்று யாரும் பயப்படவில்லை. அந்தத் தைரியம் இந்த ஊருக்குச் சரி. டுபாய்ச் சட்டம் வேறு.

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டம் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குற்றம் செய்வதற்காகவோ, செய்த குற்றம் வெளியே தெரியாமல் இருப்பதற்காகவோ ஐ.பி. முகவரியை (இணையத்தில் நம் போனை அடையாளம் காட்டும் இலக்கத்தை) மாற்றிக் காட்டினால் சிறை, அல்லது 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம், அல்லது இரண்டும். 5 இலட்சம் திர்ஹம் என்பது நம் காசில் ஏறக்குறைய 4 கோடி ரூபா. சட்டத்தின் வார்த்தையைக் கவனியுங்கள்: வி.பி.என். போனில் இருப்பதையே அது குற்றம் என்று சொல்லவில்லை. கம்பனிகளும் வங்கிகளும் தங்கள் உள்வேலைக்குப் பாவிக்கலாம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமே 2016இல் விளக்கம் கொடுத்தது. ஆனால் தடுத்து வைத்த ஒரு சேவையைச் சுற்றுவழியில் எடுப்பது அந்த வரிக்குள் வருமா, வராதா என்று தீர்மானிக்கப்போவது அங்குள்ள பொலிஸும் நீதிமன்றமும். இங்குள்ள கடையில் கிடைக்கும் உறுதிமொழிக்கு அங்கே மதிப்பில்லை.

வீட்டுக்குப் பேசினார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேடிப்பிடித்து உள்ளே போடுவது வழமையல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனக்குள்ள பயம் வேறு. தொழிலாளர் தங்கும் கேம்பில் ஒரு சண்டை, ஒரு கடன் தகராறு, கோபத்தில் அனுப்பிய ஒரு மெசேஜ் (வட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவதே அங்கே வழக்காகும்) என்று வேறு எதிலாவது மாட்டி, போன் அடுத்தவர் கைக்குப் போகும் நேரம் இருக்கிறதே, அப்போது அதிலுள்ள வி.பி.என். இன்னொரு கேள்வியாக எழும். ஸ்பொன்சரை நம்பி விசாவில் இருக்கும் ஒரு தொழிலாளிக்கு அது தாங்கக்கூடிய கேள்வியல்ல.

இனி அந்தப் பொருளைப் பார்ப்போம். அன்ட்ரொய்ட் போனில் எந்த வி.பி.என். செயலியை முதன்முதலாக இயக்கினாலும் ஒரு பெட்டி திறக்கும். இந்தச் செயலி உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் சம்மதியுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். சரி என்றால் திரையின் மேலே ஒரு சின்னச் சாவி அடையாளம் வரும். கடைக்காரர் உங்கள் போனை வாங்கித் தானே 'ஓகே' அழுத்திவிடுவதால் அந்தப் பெட்டியை நீங்கள் வாசிப்பதே இல்லை. அதில் இருப்பதோ முழு உண்மை. அதுவரை டயலொக்கோ எடிசலாட்டோ (அங்குள்ள போன் கம்பனி) பார்த்த வழியை இனி அந்த வி.பி.என். கம்பனி பார்க்கும். யாரோ ஒருவரை நம்பித்தான் ஆகவேண்டும். ஆளை மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதேநேரம், நீங்கள் வி.பி.என். பாவிக்கிறீர்கள் என்பது மட்டும் உள்ளூர் வலையமைப்புக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். உள்ளே என்ன பேசினீர்கள் என்பதுதான் தெரியாது.

அந்தப் புதிய ஆள் யார் என்று பார்த்தால் இன்னும் கவலை. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் 283 அன்ட்ரொய்ட் வி.பி.என். செயலிகளைப் பரிசோதித்தார்கள். 38 வீதமானவற்றில் தீய மென்பொருளின் அடையாளம் இருந்தது. 18 வீதமானவை தரவை மறையாக்கவே (வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டவே) இல்லை. 2020இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த சில இலவச வி.பி.என்.களின் பதிவேடுகள் திறந்தபடி இணையத்தில் கிடந்தன. பாவனையாளர் பற்றிய எந்தப் பதிவும் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த கம்பனிகள் அவை. கடையில் தருவது பெரும்பாலும் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஏ.பி.கே. கோப்பாகவோ (பிளே ஸ்டோருக்கு வெளியே நேரடியாகப் போடும் செயலி), பத்துப் பேருக்குப் பங்கு போட்டு விற்ற ஒரே கணக்காகவோதான் இருக்கும். ஒரே கணக்கென்றால் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியாத ஒன்பது பேரிடமும் இருக்கிறது. கணவர் அதே போனில்தான் வங்கிச் செயலியைத் திறந்து வீட்டுக்குக் காசு அனுப்பப் போகிறார் என்பதையும் யோசியுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன வழி? எமிரேட்ஸில் வட்ஸ்அப் செய்தி, படம், குரல் பதிவு எல்லாம் வேலை செய்யும், அழைப்புத்தான் தடை. அழைப்புக்கு அங்கே அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன: போட்டிம், கோசாட், சூம், மைக்ரோசொப்ட் டீம்ஸ். இரண்டு பக்கமும் ஒரே செயலி இருக்கவேண்டும். ஆகவே கணவர் பிளேன் ஏற முன்னமே இரண்டு போனிலும் போட்டு, அவர் ஒரு அறையிலும் நீங்கள் மற்ற அறையிலும் இருந்து பேசிப் பாருங்கள். உம்மாவுக்கும் பழக்கிவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுப்பது பெரும்பாடு.

அனுமதி பெற்றது என்றால் இரகசியமானது என்று எடுக்கவேண்டாம். டோடொக் என்ற இலவச அழைப்புச் செயலி அந்நாட்டு உளவுத்துறையின் கருவி என்று 2019 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. கூகுளும் அப்பிளும் தங்கள் ஸ்டோர்களிலிருந்து அதை எடுத்தன. செய்த கம்பனி மறுத்தது. பிள்ளையின் படிப்பு, வீட்டுச் சாமான், நோய் நொடி எல்லாம் தாராளமாகப் பேசுங்கள். அரசியலும் முதலாளியைப் பற்றிய குறையும் அதில் வேண்டாம். சம்பளம் தராவிட்டால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு நீங்கள் இங்கிருந்து அழைக்கலாம். டுபாயில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது.

கேள்வி: மகன் கட்டாருக்குப் போகும்போது கடையில் 'ஒரு வருட பிரீமியம்' என்று 3,000 ரூபாவுக்கு வி.பி.என். எடுத்தோம். மூன்றாவது வாரமே லொகின் ஆகவில்லை. காசைத் திருப்பித் தரமாட்டோம் என்கிறார்கள்.
– மூதூர்

பதில்: ஏமாற்றும் விதமாக விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது. வாங்கி 3 மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். பில் தராவிட்டாலும் கடையோடு நடந்த வட்ஸ்அப் உரையாடலையும் காசு அனுப்பிய சீட்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து இணையுங்கள். 'ஒரு வருடம்' என்று அவர்கள் எழுதிய வரி இருந்தால் அதுவே போதுமான பலம். மகனிடம் சொல்லி அந்தச் செயலியை இன்றே அழிக்கச் சொல்லுங்கள். அதே கடவுச்சொல்லை வேறெதற்கும் வைத்திருந்தால் மாற்றட்டும்.

கேள்வி: மருத்துவம் படிக்க மகள் சீனாவுக்குப் போகிறாள். வி.பி.என். இல்லாமல் ஜிமெயில்கூடத் திறக்காது, சீனியர் பிள்ளைகள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.
– உவர்மலை, திருகோணமலை

பதில்: அம்மா, மகள் சொல்வது உண்மை. கூகுள், யூடியூப், பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் அங்கே தடை. அனுமதியில்லாத வழியில் வெளிநாட்டு இணையத்துக்குப் போனால் எச்சரிக்கையும் 15,000 யுவான் வரை தண்டமும் விதிக்கலாம் என்பது 1990களிலிருந்தே அங்குள்ள விதி. கடுமையான சிறைத் தண்டனைகள் வி.பி.என். விற்றவர்களுக்கே கிடைத்திருக்கின்றன. 2017இல் குவாங்சியில் ஒருவருக்கு ஐந்தரை ஆண்டு. ஆகவே மகளிடம் உறுதியாகச் சொல்லவேண்டியது: தான் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வகுப்புப் பிள்ளைகளுக்கு இறக்கிக் கொடுப்பது, காசு சேர்த்துக் கணக்கு எடுப்பது, குழுவில் இணைப்பு அனுப்புவது ஒன்றும் கூடாது. உதவி என்று அவள் நினைப்பதை அவர்கள் விநியோகம் என்று எழுதிக்கொள்ளலாம்.

என் ஆலோசனை, முதல் சில வாரத்துக்கு இலங்கை சிம்மில் ரோமிங். அந்தத் தரவு நம் நாட்டு வலையமைப்பின் வழியாகப் போவதால் சீனத் தடை பொதுவாக அதைத் தொடாது. விலை கூடத்தான். வட்ஸ்அப்பில் உங்களோடு பேசவும் அவசர மெயில் பார்க்கவும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும், படம் பார்க்க அல்ல. பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கென்று ஏதாவது வழி வைத்திருக்கிறதா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்கட்டும். ஜிமெயிலில் இருக்கும் சான்றிதழ், வங்கிக் கடிதம், விசாப் படிவம் எல்லாவற்றையும் போக முன் போனில் இறக்கி, பிரதியும் எடுத்துவிடுங்கள். பலருக்கு வி.பி.என். தேவைப்படுவதே இந்த நாலு தாளுக்காகத்தான்.

வீட்டோடு பேச வீசாட் என்ற சீனச் செயலி போதும், ஆனால் அது திறந்த வெளி. சீனாவுக்கு வெளியே பதிந்த கணக்குகள் அனுப்பும் படங்களும் கோப்புகளும்கூடக் கண்காணிக்கப்படுகின்றன என்று கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வகம் 2020இல் காட்டியது. நீங்கள் இங்கிருந்து அனுப்பும் அரசியல் மீம் மகளின் திரையில் போய் நிற்கும். அதை நிறுத்தவேண்டியது வீட்டிலிருக்கும் நீங்கள்தான்.

கேள்வி: கப்பலில் வேலை. யாங்கோனில் கரைக்கு இறங்கும்போது போனைப் பார்ப்பார்கள் என்கிறார்கள். வி.பி.என்.ஐ அழித்துவிட்டால் சரிதானே?
– உட்துறைமுக வீதி

பதில்: மியன்மாரில் வீதியில் மறித்துப் போனில் வி.பி.என். தேடுவது உண்மை தம்பி. 2025 ஜனவரியில் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் வி.பி.என். சேவை நடத்துவதற்குச் சிறை வைத்திருக்கிறது. அழிப்பது நல்லது, ஆனால் அது முழுதாகப் போகாது. பிளே ஸ்டோரில் உங்கள் பெயர்ப் படத்தை அழுத்தி, செயலிகளை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால், முன்பு போட்டு இப்போது இல்லாத செயலிகளின் பட்டியல் வரும். அங்கேயும் நீக்கவேண்டும். வாங்கிய ரசீது மெயிலில் இருக்கும். அமைப்புகளில் வி.பி.என். பகுதியில் பழைய இணைப்பின் பெயர் நிற்கலாம். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அழிக்கப் போகாதீர்கள், அதுவே சந்தேகத்தைக் கூட்டும். கரைக்குப் போகும் நாளில் அந்தப் போனைக் கபினில் வைத்துவிட்டு, ஒரு சாதாரண பட்டன் போனோடு இறங்குங்கள்.