85 சதவீதம் பேர் ஏன் எழவில்லை? ‘1984’ நாவல் குறித்துச் சில கேள்விகள்

கேள்வி: ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் மக்கள்தொகையில் 85 சதவீதம் பேர் ‘புரோல்’ எனப்படும் உழைப்பாளிகள். இத்தனை பேர் எழுந்தால், நாட்டை அடக்கி ஆளும் கட்சி தாங்குமா? ஏன் எழவில்லை?

பதில்: தாங்காது. நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது இவர்களிடம்தான் என்று நாயகன் வின்ஸ்டனே டைரியில் எழுதுகிறான். அப்புறம் ஒரு காட்சி. பக்கத்துத் தெருவில் நூற்றுக்கணக்கான பெண்களின் கூச்சல் கேட்கிறது. கலகம் ஆரம்பித்துவிட்டது என்று ஆசையோடு போய்ப் பார்க்கிறான். சந்தையில் தகரப் பாத்திரம் விற்ற கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. கடைக்காரன் வேண்டியவர்களுக்குப் பதுக்கி வைத்திருக்கிறான் என்று சண்டை. இரண்டு பெண்கள் ஒரே பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கைப்பிடி கழன்று வருகிறது.

உருப்படியான விஷயத்துக்கு இப்படிக் கத்தமாட்டார்களா என்று அவன் நொந்துகொள்கிறான். எனக்கு அவன்மேல்தான் கோபம் வரும். சமைக்கப் பாத்திரம் இல்லாதது உருப்படியான விஷயம் இல்லையா? 1917-இல் ரஷ்யாவின் அன்றைய தலைநகர் பெத்ரோகிராதில் ரொட்டிக்காகத்தான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் நெசவாலைத் தொழிலாளிகள். வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்து உலோக ஆலை ஆட்களையும் வெளியே அழைத்தார்கள். சில நாட்களில் ஜார் ஆட்சி போயிற்று. நாவலில் இந்த ஒரு விஷயம் வருவதே இல்லை. புரோல்கள் குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், துணி காயப்போட்டுப் பாடுகிறார்கள். ஆலையிலோ சுரங்கத்திலோ அவர்கள் கையை எடுத்தால் என்ன நின்றுபோகும் என்று வின்ஸ்டன் யோசிப்பதில்லை. அவனுக்குத் தெரிவது தலைகளின் எண்ணிக்கை மட்டும்.

கேள்வி: புரோல்களில் பெரும்பாலோர் வீட்டில் டெலிஸ்கிரீன்கூட, அதாவது ஆளைக் கண்காணிக்கும் திரைகூட, இல்லையே. கட்சிக்கு அவ்வளவு அலட்சியமா?

பதில்: அலட்சியம் பாதி, கணக்கு பாதி. மாற்று எண்ணத்தையே குற்றமாகப் பிடிக்கும் சிந்தனைப் போலீஸின் ஆட்கள் அவர்களுக்குள் நடமாடி, விவரமாக வளரக்கூடிய ஒன்றிரண்டு பேரை அடையாளம் கண்டு தீர்த்துக்கட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு பீர், கால்பந்து, லாட்டரி. அந்த லாட்டரியில் பெரிய பரிசெல்லாம் உலகத்திலேயே இல்லாத, கற்பனை ஆட்களுக்கே விழும். எழுத்துக்கூட்டிப் படிப்பவன்கூட லாட்டரி எண் என்றால் சிக்கலான கணக்கெல்லாம் போடுகிறான். ஆக, மூளைக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: விழிப்பு வந்தால்தான் கலகம், கலகம் செய்தால்தான் விழிப்பு என்கிறான் வின்ஸ்டன். இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாதா?

பதில்: தனியாக உட்கார்ந்து யோசித்தால் அவிழாது. போலந்தின் க்தான்ஸ்க் நகரில் 1980 ஆகஸ்டில், கிரேன் ஓட்டிய அன்னா வாலெந்தினோவிச்சை வேலையை விட்டு எடுத்தார்கள். அவரைத் திரும்ப எடு, சம்பளத்தைக் கூட்டு என்று கப்பல் கட்டும் தளம் வேலையை நிறுத்தியது. மாதம் முடிவதற்குள் சுதந்திரத் தொழிற்சங்கம் வைக்கும் உரிமையை அரசு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டுக்குள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் சுமார் 1 கோடி. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டு நசுக்கினார்கள், உண்மைதான். ஆனால் முதல் நாள் கோரிக்கையையும் மாதக் கடைசிக் கோரிக்கையையும் பாருங்கள். நடுவில் யாரும் பாடம் எடுக்கவில்லை.

கேள்வி: இந்தப் பலத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட கதை எது?

பதில்: ஜாக் லண்டனின் ‘தி அயர்ன் ஹீல்’ (1908). அதில் முதலாளிக் கும்பல் ரயில்வே, இரும்பு, இயந்திரத் தொழிலாளர் சங்கங்களுக்கு மட்டும் நல்ல கூலியும் வசதியும் கொடுத்துப் பிரித்துவிடுகிறது. யார் கையெடுத்தால் நாடு நிற்கும் என்பது ஆள்பவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: கட்சியின் ‘நியூஸ்பீக்’ மொழியை விளக்கும் ‘1984’ பின்னிணைப்பு இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் கட்சி வீழ்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: அப்படி வாசிப்பவர்கள் உண்டு, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் யார் வீழ்த்தியது என்று அதில் ஒரு வரியும் இல்லை. புரோல்கள் பத்து லட்சம் ஆண்டானாலும் எழமாட்டார்கள் என்பது வின்ஸ்டனை வதைக்கும் கட்சிக்காரன் ஓப்ரையன் சித்திரவதைக் கூடத்தில் சொல்வது. அவன் வேறு எதைச் சொல்வான்?