சோளத்தில் எதனோல்: அமெரிக்காவில் ஏன் இவ்வளவு சண்டை, இங்கே செய்யலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சோளத்திலிருந்து (மக்காச்சோளம்) எதனோல் என்ற எரிசாராயத்தை எடுத்துப் பெற்றோலில் கலக்கிறார்கள். அதை வைத்து ஏன் இவ்வளவு அரசியல் சண்டை? இலங்கையிலும் இதைச் செய்யலாமா?

பதில்: இங்கே செய்யக்கூடாது என்றுதான் சொல்வேன். நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு தானிய மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சோளம் என் கண் முன்னே ஏறி இறங்குகிற சரக்கு.

ஒரு கிலோ சோளத்தில் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் எதனோல் வரும். எதனோலில் பெற்றோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு என்பதால், அந்த 400 மில்லி ஓடும் தூரத்தை 270 மில்லி பெற்றோல் ஓடிவிடும். அமெரிக்காவில் விளையும் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதற்குத்தான் போகிறது. ஒன்று சொல்ல வேண்டும், மாப்பொருள் மட்டுமே எதனோலாகிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு போல மிஞ்சும் சக்கை, மாட்டுத்தீனாகவும் கோழித்தீனாகவும் திரும்பி வருகிறது. ஆதரிப்பவர்கள் இதைச் சொல்லும்போது உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சண்டை கலப்பதைப் பற்றியதல்ல, கட்டாயத்தைப் பற்றியது. எண்ணெய்க் கம்பனிகள் இவ்வளவு எதனோல் கலந்தே ஆகவேண்டும் என்று 2005 இல் சட்டம் வந்தது. 2007 இல் அதை மேலும் பெருக்கினார்கள். சோள எதனோலுக்கு மட்டும் வருடத்துக்கு 1500 கோடி கலன் வரை இடம் கொடுத்தார்கள். வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருக்க வேண்டாம் என்பது சொன்ன காரணம். சோள விவசாயிக்கு நிலையான விலை கிடைத்தது கூடவே வந்த பலன். அதனால்தான் அங்கே கட்சிக்கோடு இதில் செல்லாது. சோளம் விளையும் மாநிலத்து இரண்டு கட்சிக்காரரும் ஒரு பக்கம். எண்ணெய் மாநிலத்தவர், கோழி, மாடு வளர்ப்பவர், சுற்றாடல்காரர் பலர் மறுபக்கம்.

ஜனாதிபதி வேட்பாளர் போட்டி வழக்கமாகத் தொடங்குவது ஐயோவாவில். சோளம் மிக அதிகம் விளையும் மாநிலமும் அதுதான். 1994 இல் செனட்டில் வாக்குகள் சமமாக நின்றபோது, துணை ஜனாதிபதி அல் கோர் தன் வாக்கை எதனோல் பக்கம் போட்டார். சோள எதனோலை ஆதரித்தது பிழை என்று 2010 இல் அவரே ஒப்புக்கொண்டார். ஜனாதிபதித் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்ததால் ஐயோவா விவசாயிகள்மேல் தனக்கு ஒரு பிரியம் இருந்தது என்று காரணமும் சொன்னார். 2016 இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் நின்ற டெட் குரூஸ் இந்தக் கட்டாயத்தை எதிர்த்துக்கொண்டே ஐயோவாவில் வென்றார். சட்டம் அசையவில்லை.

என்னை உறுத்துவது 2012. அந்த வருடம் அங்கே கடும் வரட்சி, சோளம் கருகியது. தீன் விலை தாங்க முடியவில்லை, கட்டாயத்தைக் கொஞ்சக் காலம் தளர்த்துங்கள் என்று பல மாநில ஆளுநர்கள் கேட்டார்கள். சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மறுத்துவிட்டது. விளைச்சல் குறைந்தால் யாராவது ஒருவர் விலகித்தான் ஆகவேண்டும். சட்டம் பெற்றோல் தாங்கிக்கு முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தால், விலகுவது யார்?

சோளம் குறைந்தால் விலகுவது யார் என்பதை 2022 இல் கொழும்பில் பார்த்தேன். இங்கே சோளம் குறைந்ததற்குக் காரணம் எதனோல் இல்லை. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள், பிறகு இறக்குமதிக்கு டொலர் இல்லை. வத்தளையில் கோழி வளர்த்த ஒரு அண்ணன் எங்கள் வாடிக்கைக்காரர். வந்தால் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி சோளம் அள்ளி, ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த சோளம், அமுங்கினால் ஈரம். அன்றைக்கும் கடித்துப் பார்த்தார், விலையைக் கேட்டார், மிச்ச மணிகளைத் திரும்பச் சாக்கிலேயே போட்டார். "ஏலாது தம்பி, கோழியெல்லாத்தையும் குடுத்திட்டன்" என்றார். பிறகு அவர் வரவில்லை. அதே காலத்தில் என் தங்கை வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ என்ற சத்துமாப் பைக்கற் அவளுக்கு இரண்டு மாதம் கிடைக்கவில்லை. திரிபோஷவில் முக்கியமாக இருப்பது சோளமும் சோயாவும்தான்.

சுற்றாடலுக்காவது நல்லதா என்றால், அதிலும் இழுபறி. சோளத்துக்காகப் புதிதாக உழுத நிலத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 2022 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று, சோள எதனோலின் கார்பன் வெளியேற்றம் பெற்றோலைவிடக் குறைவில்லை, 24 சதவீதம் கூடவும் இருக்கலாம் என்றது. எதனோல் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

சரி, இலங்கை. அநுராதபுரம், மொனராகலை, பதுளைப் பக்கம் விளையும் சோளம் நம் கோழிகளுக்கே போதுவதில்லை. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கிய நாடு இது. பெற்றோலில் எதனோல் கலந்தே ஆகவேண்டும் என்றால் பெல்வத்த, செவனகல சீனி ஆலைகளில் சீனி எடுத்த பிறகு மிஞ்சும் பாகு இருக்கிறது. அதில் வரும் எதனோல் இப்போது மதுபானத்துக்குப் போகிறது, அதில் ஒரு பங்கைக் கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் இத்தனை லீற்றர் என்று சட்டத்தில் இறுக்கிக் கட்டாமல், விளைச்சல் குறைந்த வருடத்தில் தானாகவே இறங்கும்படி எழுத வேண்டும்.